இருட்டில் ஒளிரும் பெட்டூனியா: 29 டாலருக்கு வாங்கலாமா?

ஒளிர்கிறதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஒளிர்கிறது. விளம்பரத்தில் காட்டுகிற அளவுக்கா என்றால், இல்லை. அந்தப் படங்களெல்லாம் கேமராவைப் பல விநாடிகள் திறந்து வைத்து எடுத்தவை. உங்கள் போனில் 'நைட் மோட்' போட்டாலும் அதே பளிச் பச்சை வரும், ஆனால் நம் கண் அப்படி வேலை செய்வதில்லை. விளக்கை அணைத்த கையோடு பார்த்தால் ஒன்றுமே தெரியாது, காசு போச்சு என்றுதான் தோன்றும். கொஞ்ச நேரம் பேசாமல் இருட்டில் உட்கார்ந்தால் முதலில் மொட்டுகள், அப்புறம் புதிதாக விரிந்த பூக்கள், கடைசியில் இலைகளில் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு பச்சை என்று ஒவ்வொன்றாக மேலே வரும். அதைப் படிக்கிற விளக்காக வைத்துக்கொள்ள முடியாது. நிலா வெளிச்சம் போல என்று நிறுவனம் சொல்கிறது, அதுவும் கொஞ்சம் தாராளமான கணக்குதான்.

ஆனால் கண் பழகிய பிறகு அதை விட்டு எழுந்து வர மனம் வராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெயர் 'ஃபயர்ஃப்ளை பெட்டூனியா'. அமெரிக்காவில் இடாஹோ மாநிலத்தில் இருக்கும் லைட் பயோ என்கிற சிறிய நிறுவனம் 2024இல் விற்கத் தொடங்கியது. அறிமுக விலை செடிக்கு 29 டாலர், அனுப்பும் செலவு தனி. பகலில் பார்த்தால் எந்த நர்சரியிலும் சில டாலருக்குக் கிடைக்கும் சாதாரண வெள்ளைப் பெட்டூனியா, அவ்வளவுதான். தொட்டால் இலை பிசுபிசுக்கும் (எல்லாப் பெட்டூனியாவும் அப்படித்தான், செடிக்கு ஏதோ நோய் என்று பயப்பட வேண்டாம்). ஆறு மணி நேரமாவது நேர் வெயில், ஒழுங்கான தண்ணீர், கொஞ்சம் உரம், வாடிய பூவைக் கிள்ளிவிடுவது, அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது. இவ்வளவும் செய்தால்தான் ஒளி, ஏனென்றால் இங்கே ஒளி என்பது செடியின் ஆரோக்கியம்தான். நிழலில் வைத்து நோஞ்சானாக்கினால் இரவில் ஒன்றும் தெரியாது. நான் இருக்கிற டாலஸ் பக்கத்தில் ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் பெட்டூனியா எதுவானாலும் துவண்டுவிடும். இதற்கும் விலக்கு இல்லை. டெக்சாஸ்காரர்கள் வசந்தத்தில் வாங்குங்கள், கோடையில் மதிய வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

எப்படி ஒளிர்கிறது என்பதற்கு ஒரு பத்தி. பெயரில்தான் மின்மினி, உள்ளே இருப்பது காளான். 'நியோநோத்தோபேனஸ் நம்பி' என்கிற வெப்பமண்டலக் காளான் இருட்டில் பச்சையாக ஒளிரும். அது ஒளிர்வதற்கு எடுத்துக்கொள்ளும் மூலப்பொருள் காஃபிக் அமிலம். செடிகள் தண்டை உறுதியாக்கும் லிக்னினைச் செய்கிற பாதையில் இதே அமிலம் இருப்பதால், பெட்டூனியாவின் உடம்பில் அது ஏற்கனவே உண்டு. காளானின் மரபணுக்களை உள்ளே வைத்தால் செடி தன் சொந்தச் சரக்கைக் கொண்டே ஒளியைத் தயாரித்து, மிச்சத்தை மறுபடியும் காஃபிக் அமிலமாக்கிச் சுற்றில் விட்டுவிடுகிறது. ரசாயனம் ஊற்ற வேண்டாம், புற ஊதா விளக்கு வேண்டாம், சார்ஜ் ஏற்ற வேண்டாம். 1986இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் மின்மினியின் மரபணுவைப் புகையிலைச் செடிக்குள் வைத்து ஒளிர வைத்தார்கள், ஆனால் அதற்கு வெளியிலிருந்து ஒரு ரசாயனத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்தக் குழுவில் மாணவராக இருந்த கீத் வுட்தான் லைட் பயோவைத் தொடங்கியவர்களில் ஒருவர். நடுவில் 2013இல் வேறு சிலர் ஒளிரும் செடி விதை தருகிறோம் என்று, பொதுமக்களிடம் பணம் திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் 8,000க்கும் மேற்பட்டவர்களிடம் 4,84,000 டாலர் திரட்டி, கடைசிவரை விதை கொடுக்காமலே 2017இல் கையை விரித்தார்கள். ஆகவே 'இதெல்லாம் ஏமாற்று' என்று நினைக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த முறை செடி நிஜம்.

சரி, பொருள் இவ்வளவுதான். இதற்கு மேல் எழுதக் காரணம், வீட்டுக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் 'அழகா இருக்கு' என்பதற்கு அடுத்தபடியாக ஏதாவது ஒன்றைக் கேட்டுவிடுகிறார்கள், அந்தக் கேள்விகள் 29 டாலருக்கு மேல் பெறும்.

என் அம்மா விருதுநகரிலிருந்து வந்திருந்தபோது நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, பொழுது சாஞ்சா செடியத் தொடக்கூடாது, தூங்கும்னு சொல்லுவோம். இது எப்பத் தூங்கும்?"

சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வி கேலிக்குரியது அல்ல. செடிக்கு மூளையும் நரம்பும் இல்லை, நம் அர்த்தத்தில் தூக்கமும் இல்லை. பகலிலும் அது ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, வெயிலில் நமக்குத் தெரிவதில்லை. இதெல்லாம் சொல்லலாம். அம்மா கேட்டது அது இல்லை. இந்த ஒளியால் செடிக்கு என்ன லாபம் என்றுதான் கேட்டார். காளானுக்கு லாபம் இருக்கிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த பிரேசில் காளான் ஒன்றை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், அதன் ஒளி இரவுப் பூச்சிகளை இழுக்கிறது, அதனால் வித்துகள் பரவ உதவலாம் என்று கண்டார்கள். இருட்டான காட்டுத் தரையில் காற்று அடிக்காது, பூச்சி வந்தால்தான் பிழைப்பு. அங்கே அந்த ஒளி அதன் வாழ்க்கையில் ஒரு வேலை பார்க்கிறது. பெட்டூனியாவுக்கு வந்ததும் அந்த வேலை போய்விட்டது. தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவழித்து நம் கண்ணுக்காக ஒளிர்கிறது, அதற்கு வேறு காரணமே கிடையாது.

இது தவறா? எனக்கு உடனே ஆமாம் என்று சொல்ல வரவில்லை, ஏனென்றால் அடுக்குச் செம்பருத்தி இருக்கிறது. அதன் கூடுதல் இதழ்களில் பலவும் மகரந்தக் கேசரங்களாக இருந்திருக்க வேண்டியவை. நமக்குப் பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக, காயாகி விதையாகும் வேலையையே கைவிட்ட பூவைத் தேடிப் பிடித்துப் பதியம் போட்டுப் பதியம் போட்டுக் காப்பாற்றி, அதைப் பறித்துச் சாமிக்கும் வைக்கிறோம். யாரும் அதைக் 'கடவுள் வேலையில் கை வைப்பது' என்று சொன்னதில்லை. பெட்டூனியாவே காட்டில் இருந்ததல்ல. தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன ஒரு வெள்ளை இனத்தையும் ஒரு ஊதா இனத்தையும் 1830களில் ஐரோப்பாவில் கலந்து உண்டாக்கியது. இன்னும் ஒன்று சொல்கிறேன். டெக்சாஸ் கடைகளில் சிவப்பாக அழகாக அடுக்கி வைத்திருக்கும் 'ரியோ ரெட்' கிரேப்ஃப்ரூட், கதிர்வீச்சு கொடுத்து மரபணுக்களைக் கண்டபடி கலைத்து, வந்ததில் நல்லதைப் பொறுக்கி எடுத்தது. 1984இல் வெளியிட்டார்கள். அதில் எத்தனை மரபணு எங்கெங்கே மாறியது என்று யாரும் எண்ணிப் பார்த்து அனுமதி கொடுக்கவில்லை, காலையில் சர்க்கரை தூவிச் சாப்பிடுகிறார்கள். ஆக 'இயற்கைக்கு விரோதம்' என்ற வாதத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் தோட்டத்தில் பாதியையும் பழக்கடையில் முக்காலையும் காலி செய்ய வேண்டியிருக்கும். அந்த வாதத்தை நான் விட்டுவிட்டேன்.

விட முடியாதது வேறு ஒன்று. அதைச் சொல்ல இன்னொரு பெட்டூனியாவின் கதை வேண்டும்.

2015இல் ஹெல்சிங்கி ரயில் நிலையத்துக்கு வெளியே இருந்த பூத்தொட்டியில் ஆரஞ்சு நிறப் பெட்டூனியாவைப் பார்த்து டீமு டீரி என்கிற தாவரவியல் பேராசிரியர் நின்றுவிட்டார். பெட்டூனியாவுக்கு அந்த நிறம் இயல்பாக வராது. வரும் என்றால் அது 1987இல் ஜெர்மனியில் கொலோன் நகரத்தின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தில் மக்காச்சோளத்தின் மரபணு ஒன்றை வைத்துச் செய்த பெட்டூனியாவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கிளையை எடுத்துப்போய்ச் சோதித்தார், அதே மரபணு. ஆய்வோடு முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த செடி, யாருக்கும் தெரியாமல் விதை வியாபாரத்துக்குள் நுழைந்து உலகமெங்கும் பால்கனிகளில் பூத்துக்கொண்டிருந்திருக்கிறது. விஷயம் வெளியே வந்ததும் 2017இல் ஃபின்லாந்து அரசு விற்பனையை நிறுத்தச் சொன்னது, அடுத்து அமெரிக்கா, மற்ற நாடுகள். எரியுங்கள், ஆழமாகப் புதையுங்கள் என்று நர்சரிக்காரர்களுக்கு உத்தரவு. அந்தச் செடிகளால் யாருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததாக யாரும் சொல்லவில்லை. அவை செய்த குற்றம், கையில் அனுமதிச் சீட்டு இல்லாதது. 2021இல் அதே மரபணு வைத்த பெட்டூனியாவுக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை அனுமதி கொடுத்துவிட்டது. 2023 செப்டம்பரில் ஒளிரும் பெட்டூனியாவுக்கும் கொடுத்தது.

எந்தக் கேள்வியைக் கேட்டுக் கொடுத்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்தச் செடி, சாதாரணப் பெட்டூனியாவைவிட மற்ற பயிர்களுக்குக் கூடுதலாகத் தீங்கு செய்யுமா, களையாகப் பரவுமா? செய்யாது. வட அமெரிக்காவில் அதோடு கலக்கக் கூடிய காட்டு உறவுகள் கிடையாது, பனி விழுந்தால் செத்துவிடும். சரியான பதில்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உணவுப் பொருள் இல்லை, பூச்சிக்கொல்லியும் இல்லை என்பதால் மற்ற அலுவலகங்களுக்கு இதில் பெரிதாக வேலை இல்லை. ஆக மொத்தத்தில் ஒரு புது உயிர் வீட்டு வாசலுக்கு வருகிற வழியில் 'ஆபத்தா?' என்று கேட்க ஆள் இருக்கிறது, 'எதற்கு?' என்று கேட்க நாற்காலிகூட இல்லை. பருத்தியில் புழுவைக் கொல்லும் மரபணுவை வைக்கும்போது விவசாயியின் பெயரைச் சொன்னார்கள், அரிசியில் வைட்டமின் ஏ வைக்கும்போது குழந்தைகளின் பெயரைச் சொன்னார்கள். அவற்றில் உண்மை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று சண்டை போட்டோம், ஆனால் 'எதற்கு' என்பதற்கு ஏதோ ஒரு பதில் இருந்தது. இங்கே பதிலே வேறு. வேடிக்கைக்கு. அழகுக்கு. மறைக்காமல் சொல்கிறார்கள், அதற்காக ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.

'எதற்கு' என்று ஒரு முறை கேட்டிருக்கிறார்கள், செடிக்கு அல்ல, மீனுக்கு. கங்கைக் கரை ஓடைகளில் வாழும் வரிமீன் இருக்கிறதே, சுண்டுவிரல் நீளம்கூட வராத மீன், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1999 வாக்கில் அதற்குள் ஜெல்லிமீனின் ஒளிர் மரபணுவை வைத்தார்கள். தண்ணீர் மாசுபட்டால் காட்டிக்கொடுக்கும் மீனாக அதை ஆக்குவது திட்டம். அது கடைசியில் 'குளோஃபிஷ்' என்ற பெயரில் 2003இல் அமெரிக்காவில் தொட்டி மீனாக விற்பனைக்கு வந்தது. உணவு மீன் இல்லை, நாங்கள் தலையிடக் காரணம் இல்லை என்று மத்திய அரசு ஒதுங்கிக்கொண்டது. கலிஃபோர்னியாவின் மீன்வள ஆணையம் மட்டும் மறுத்தது. ஆபத்து குறைவு என்று அறிவியல் சொல்வது தெரிந்தும், இது அறிவியல் கேள்வி இல்லை, மதிப்பீட்டுக் கேள்வி, வெறும் அலங்காரத்துக்காக ஒரு விலங்கை இப்படி மாற்றுவது சரியில்லை என்று ஆணைய உறுப்பினர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். அந்தத் தடையும் 2015இல் போய்விட்டது. இப்போது பிரேசிலில் மீன் பண்ணைகளிலிருந்து தப்பிய குளோஃபிஷ்கள் ஓடைகளில் குஞ்சு பொரித்து வாழ்வதை 2022இல் வெளியான ஆய்வில் பதிவு செய்திருக்கிறார்கள்.

செடிக்கும் இந்தக் கேள்வி பொருந்தும் என்று நம்புகிற ஒரு நாடு உண்டு. சுவிட்சர்லாந்து 1992இலேயே உயிரினங்களின் கண்ணியம் என்பதை அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டது. அங்குள்ள நெறிமுறைக் குழு 2008இல், சாலையோரக் காட்டுப் பூவைக் காரணமே இல்லாமல் தலையைக் கொய்து போடுவதுகூட நெறி தவறியது என்கிற மாதிரி ஒரு அறிக்கை தந்தது. உலகம் சிரித்தது, சிரிக்க வைக்கும் ஆய்வுகளுக்குக் கேலியாகத் தரும் இக் நோபல் பரிசையும் அந்த ஆண்டு கையில் கொடுத்தார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்தவனை வள்ளல் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த நமக்கு அது அவ்வளவு சிரிப்பாக இருக்க வேண்டியதில்லை.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். செடியை அழகுக்காக மாற்றுவதில் எனக்குத் தடையில்லை, அடுக்குச் செம்பருத்தியை வைத்துக்கொண்டு தடை சொல்ல எனக்கு வாய் இல்லை. வலி தெரிகிற உயிரை அழகுக்காக மாற்றுவது வேண்டாம், அந்த மீனை நான் வாங்க மாட்டேன். அது மாறிய பிறகு நன்றாகத்தான் நீந்துகிறது என்றாலும் வாங்க மாட்டேன், ஏனென்றால் நன்றாக நீந்தும் ஒன்றைப் பெறுவதற்கு முன்னால் எத்தனை மீன்கள் கழிக்கப்பட்டிருக்கும் என்பது பெட்டியில் எழுதியிருக்காது. அப்புறம், தானாக வெளியே போய்ப் பிழைத்துக்கொள்ளும் எதையும் ஆபத்து இல்லை என்ற ஒரு பதிலோடு விட்டுவிடக் கூடாது. பெட்டூனியா இந்த இரண்டையும் தாண்டிவிடுகிறது. ஆனால் இதை வாங்கும்போது ஒரு செடியை மட்டும் வாங்கவில்லை, 'பார்த்தீர்களா, பயப்பட ஒன்றுமில்லை, எவ்வளவு அழகு' என்ற வாதத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். பயம் போவது நல்லதுதான், கேள்வியும் கூடவே போய்விடும்.

விட்டில்பூச்சிகளைப் பற்றி ஒருவர் ரொம்பவே கவலைப்பட்டார், இந்த ஒளியால் அவை குழம்பாதா என்று. தோட்டத்துப் பெட்டூனியாவின் வெள்ளை மூதாதை இரவில் மணம் வீசிப் பருந்து விட்டில்களை அழைக்கும் பூ, ஆகவே கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அவர் வீட்டு வாசலில் இரண்டு எல்இடி விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. சுவிட்சர்லாந்தில் புல்வெளிகளில் தெருவிளக்கு வைத்துப் பார்த்த ஆய்வில், இரவில் பூவுக்கு வரும் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்தது என்று 2017இல் வெளியிட்டார்கள். என் செடியின் மொத்த ஒளியும் அந்த ஒரு பல்பின் தூசுக்குச் சமம். மரபணு என்றால் பதறுகிறோம், சுவிட்ச் என்றால் பதறுவதில்லை.

அடுத்தது சொத்து விவகாரம். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததே ஒரு வங்காளியால்தான். ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கியவர். 1980இல் ஐந்துக்கு நான்கு என்று மயிரிழையில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது, இன்றைய உயிர்த் தொழில்நுட்ப வியாபாரம் முழுக்க அந்த ஒரு ஓட்டில் நிற்கிறது. இந்தப் பெட்டூனியாவின் தொழில்நுட்பத்துக்கும் காப்புரிமை உண்டு. பெட்டூனியாவோ கிளையை ஒடித்து மண்ணில் செருகினால் வேர் விடும் ஜாதி. நம் ஆட்கள் கறிவேப்பிலைக் கன்று, மல்லிப் பதியம், கற்பூரவல்லி என்று பையில் போட்டுக் கொடுத்தும் வாங்கியும் பழகியவர்கள். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் 'ஒரு கிளை குடேன்' என்று கேட்பார்கள், தயாராக இருங்கள். பழியை மரபணுவின் மேல் போடவும் முடியாது. காப்புரிமை பெற்ற சாதாரண ரோஜாத் தொட்டியிலும் 'இனப்பெருக்கம் செய்யத் தடை' என்று சீட்டு தொங்குகிறது, செடிகளுக்கான காப்புரிமைச் சட்டம் இங்கே 1930இலிருந்து இருக்கிறது. இருந்தாலும் ஒரு கிளையைக் கொடுக்கலாமா என்று யோசிக்க வைக்கும் செடி எனக்கு முழுதாகச் சொந்தம் என்று தோன்றவில்லை. மதிப்பீட்டில் அரை நட்சத்திரம் இதற்காகவே குறைகிறது.

மொத்தம் ஐந்துக்கு மூன்றரை. ஒளியின் அளவுக்கு ஒன்று குறைத்திருக்கிறேன். முழு இருட்டான இடம் இல்லாதவர்கள், தெருவிளக்கு நேராக அடிக்கும் பால்கனிக்காரர்கள் வாங்க வேண்டாம், ஏமாற்றமாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வாங்கலாம், செடிக்கு நஞ்சுத்தன்மை இல்லை. எப்படி ஒளிர்கிறது என்று கேட்டால் மேலே எழுதியதைச் சொல்லுங்கள், எதற்கு ஒளிர்கிறது என்று கேட்டால் பதிலை அவர்களிடமே கேளுங்கள். என் பெண் 'நாம பார்க்கிறதுக்குத்தான்' என்று சட்டென்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கழித்து, 'அப்ப நாம பார்க்காதப்ப?' என்று தானே கேட்டுக்கொண்டாள்.

ஊருக்குப் போகும்போது ஒரு கிளையை ஈரத் துணியில் சுற்றி சூட்கேஸில் வைத்துக்கொள்ளலாமா என்று ஏற்கனவே சிலர் கேட்டுவிட்டார்கள். கூடாது. மரபணு மாற்றிய எந்த உயிரையும் இந்தியாவுக்குள் கொண்டுவர 1989ஆம் ஆண்டு விதிகளின்படி முன் அனுமதி வேண்டும், அலங்காரச் செடி என்றாலும் அப்படித்தான். புழுவைக் கொல்லும் மரபணு வைத்த பி.டி. கத்தரிக்காயே 2010இலிருந்து அனுமதி கிடைக்காமல் வாசலில் நிற்கிறது.